நீச்சல் குளத்து நெடி: ஒரு வாயுவின் கதை

இந்தக் கோடையில் நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, கார் நிறுத்தும் இடம் இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது நீச்சல் குளம். "பையனுக்குக் கண் ரத்தச் சிவப்பு", "மகள் குளத்திலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் தும்முகிறாள்", "எனக்குக் குளோரின் அலர்ஜி, அந்தப் பக்கமே போவதில்லை" என்று நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். அடுத்த பொதுக்குழுவில் குளோரின் அளவைப் பாதியாகக் குறைக்கும் தீர்மானம் ஒன்று வரப்போகிறது என்றும் தெரியும். கை தூக்குவதற்கு முன்னால் இந்தக் கட்டுரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான். போன வருடம் என் பேத்தி நம் குளத்திலிருந்து இருமிக்கொண்டே வந்தபோது, "ஒன்றுமில்லம்மா, குளோரின்தான், பழகிவிடும்" என்று சொன்னேன். இரண்டுமே தப்பு. அது குளோரின் இல்லை. பழகிப்போக வேண்டிய விஷயமும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்ததில் கிடைத்த கதைதான் இது.

முதலில் குளோரின். 1774இல் சுவீடனில் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் இந்தப் பச்சை மஞ்சள் வாயுவை முதலில் தயாரித்தார். இது ஒரு தனிமம் என்று 1810இல் சொல்லி, அதன் நிறத்தை வைத்தே பெயரும் சூட்டியவர் லண்டனின் ஹம்ப்ரி டேவி. சுண்ணாம்பில் இந்த வாயுவைச் செலுத்தி, துணி வெளுக்கும் தூளாகச் செய்து, 1799இல் காப்புரிமை வாங்கினார் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட். தண்ணீர்த் தொட்டி கழுவும்போது நம் வீடுகளில் போடுகிறோமே, அந்த பிளீச்சிங் பவுடரேதான். அதைக் கரைத்த நீரில் கை கழுவிவிட்டு வந்தால்தான் பிரசவ அறைக்குள் விடுவேன் என்று 1847இல் வியன்னாவில் ஒரு மருத்துவர் பிடிவாதம் பிடித்தார். அவர் இக்னாஸ் செம்மல்வைஸ். அந்த ஏப்ரல் மாதம் அவருடைய பிரிவில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் இறந்திருந்தார்கள். கை கழுவத் தொடங்கிய பிறகு, ஜூனில் அது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. சக மருத்துவர்கள் அவரை நம்பவில்லை என்பது வேறு சோகக் கதை.

அதே வியன்னாவில்தான் 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லும் பிறந்தது. கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர் உண்டாக்கிய சொல். உடம்பு ஒரு பொருளை ஒருமுறை சந்தித்தபின், அடுத்த முறை வேறு விதமாக எதிர்வினை காட்டுவதைக் குறிக்க அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. இன்று நாம் அந்தச் சொல்லைத் தும்மலுக்கும் அரிப்புக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். மருத்துவர்களுக்கு அதன் பொருள் குறுகியது. நிலக்கடலை அலர்ஜி உள்ளவருக்கு ஒரு துணுக்குக் கடலை போதும், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் கொந்தளித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் சாப்பிடுபவருக்கு ஒன்றும் ஆகாது. எரிச்சலூட்டும் பொருள் அப்படியில்லை. வெங்காயம் நறுக்கும் வீட்டில் எல்லோருக்கும் கண்ணீர் வரும், யாருக்கும் வெங்காய அலர்ஜி இல்லை. அளவு கூடினால் பாதிப்பு கூடும், விலகினால் குறையும். குளோரின் இந்த இரண்டாவது வகை என்பதுதான் அலர்ஜி மருத்துவர்களின் பொதுவான கருத்து. ஏற்கெனவே ஆஸ்துமாவோ, தோலில் எக்ஸிமாவோ, மூக்கில் அலர்ஜியோ உள்ளவர்களுக்கு இந்த எரிச்சல் சீக்கிரம் வரும், அதிகமாகவும் வரும். அதனால்தான் ஒரே குளத்தில் இறங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருவன் சிரித்துக்கொண்டு வருகிறான், இன்னொருவன் மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறான்.

ஆனால் எரிச்சலூட்டுவது எது? இங்கேதான் கதையின் உண்மையான வில்லன் வருகிறான்.

1811இல் பிரான்சில் பியர் லூயி டூலோங் என்ற இளம் விஞ்ஞானி, அமோனியா கலந்த உப்புக் கரைசலில் குளோரினைச் செலுத்தினார். எண்ணெய் போன்ற மஞ்சள் துளிகள் அடியில் சேர்ந்தன. அது வெடித்தது. சாதாரண வெடிப்பில்லை. டூலோங் ஒரு கண்ணையும் கை விரல்களையும் அதற்குப் பறிகொடுத்தார். இப்படி ஒரு பொருள் பிரான்சில் கிடைத்திருக்கிறது என்ற தகவல் லண்டனுக்குப் போனதும், டேவி சும்மா இருப்பாரா? 1812இல் அவரும் செய்து பார்த்தார். குழாய் வெடித்துக் கண்ணாடித் துணுக்கு அவர் கண்ணில் பாய்ந்தது. சில காலம் எழுதப் படிக்க முடியவில்லை. குறிப்பெடுத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்போது டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுதி, அழகாகப் பைண்டு செய்து அவருக்கே அனுப்பி வைத்திருந்தான் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பார்த்த ஒரு பையன். சில நாள் எழுத்து வேலைக்கு அவனையே டேவி வைத்துக்கொண்டார். 1813இல் அவன் அவருடைய ஆய்வக உதவியாளன் ஆனான். பெயர் மைக்கேல் ஃபாரடே. மின் மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வித்திட்ட அதே ஃபாரடேதான். நம் லிஃப்ட் ஓடுவதற்கும் அந்த மஞ்சள் எண்ணெய்க்கும் எங்கேயோ ஒரு தொடர்பு இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த மஞ்சள் எண்ணெயின் பெயர் நைட்ரஜன் டிரைகுளோரைடு. டிரைகுளோரமின் என்றும் சொல்வார்கள். நம் கிளப் ஹவுஸ் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, 'குளோரின் வாசனை' என்று நாம் சொல்வது, அதில் பெரும்பங்கு இதனுடையது. பயப்படாதீர்கள், குளம் வெடிக்காது. நம் காற்றில் இருப்பது கன மீட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். டூலோங் வைத்திருந்தது சுத்தமான திரவம்.

இந்தப் பொருளுக்கு நடுவில் ஒரு வேடிக்கையான வேலையும் கிடைத்தது. 1920களில் இருந்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மைதா மாவை வெளுக்க இதை வாயுவாகச் செலுத்தினார்கள். 'ஏஜீன்' என்று வணிகப் பெயர். ரொட்டி பால் போல் வெள்ளையாக, பூப்போல உப்பி வந்தது. 1946இல் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்த மாவில் செய்த ரொட்டியைத் தின்ற நாய்களுக்கு வலிப்பு போல வெறி பிடிக்கிறது என்று காட்டினார். மனிதருக்குக் கெடுதல் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அடுத்த பத்தாண்டுக்குள் இரண்டு நாடுகளும் அதைக் கைவிட்டன. கால் நூற்றாண்டு காலம் கோடிக்கணக்கானவர்கள் தினமும் அந்த மாவுப் பண்டத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். நாய் சொல்லித்தான் மனிதனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

சரி, இது நீச்சல் குளத்துக்குள் எப்படி வந்தது? குளோரின் வருவதற்கு முன் குளங்கள் எப்படி இருந்தன என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் 1846ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் பொதுக் குளியலகங்கள் கட்டினார்கள். வடிகட்டி கிடையாது, மருந்து கிடையாது. குளத்தை நிரப்புவார்கள், சில நாள் எல்லோரும் குளிப்பார்கள், பிறகு திறந்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். பல ஊர்களில் புதுத் தண்ணீர் நாளில் கட்டணம் அதிகம். தண்ணீர் அழுக்காக ஆகக் கட்டணம் குறையும். ஏழைகளுக்குக் கடைசி நாள் தண்ணீர். நம் ஊரில் பழைய சாப்பாட்டைப் பாதி விலைக்கு விற்பது போல.

1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் ஜான் லீல் என்ற மருத்துவர், யாரிடமும் அனுமதி கேட்காமல், நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குளோரின் கலக்க ஏற்பாடு செய்தார். குடிதண்ணீரில் விஷம் கலந்தார் என்று சொல்லிவிடக்கூடிய காரியம். ஆனால் வழக்கின் முடிவு அவர் பக்கம். அதன்பின் சில ஆண்டுகளில் நகரம் நகரமாக டைபாய்டு இறங்கியது. 1910 வாக்கில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் நீச்சல் குளத்தில் ஜான் பங்கர் என்பவர் இதே முறையைப் பரிசோதித்தார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார், கிருமிகள் காணாமல் போயின. அதிலிருந்து குளோரின் இல்லாத பொதுக் குளத்தை நினைத்துப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை 150 டன்னுக்கு மேல் இதே வாயுவைத் திறந்துவிட்டதால் குளோரின் என்ற பெயருக்குத் தீராத களங்கம் வந்தது உண்மை. ஆனால் அந்த வாயு வேறு அளவு, வேறு நோக்கம்.

குளத்தில் நடப்பது இதுதான். தண்ணீரில் போட்ட குளோரின் கிருமியைக் கொல்லும் ஓர் அமிலமாக மாறி நிற்கிறது. அந்த நிலையில் அதற்கு நெடி மிகக் குறைவு. நாம் இறங்குகிறோம். நம்மோடு வியர்வை இறங்குகிறது, தேங்காய் எண்ணெய், பவுடர், சன் ஸ்கிரீன் எல்லாம் இறங்குகின்றன. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: சிறுநீரும் இறங்குகிறது. சிறுநீரிலும் வியர்வையிலும் உள்ள யூரியாவும் அமோனியாவும் குளோரினோடு சேர்ந்து குளோரமின்கள் உண்டாகின்றன. டூலோங் தன் ஆய்வகத்தில் அமோனிய உப்பையும் குளோரினையும் சேர்த்தாரே, அதையே நாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டாகச் செய்கிறோம். குளோரமின்களில் மூன்றாவதான டிரைகுளோரமின் தண்ணீரில் நிற்காது. மேலே வந்து, நீரின் பரப்புக்குச் சற்று மேலே தங்கும். நீந்துபவரின் மூக்கும் வாயும் இருக்கும் அதே உயரத்தில்.

இதை உலகம் கவனிக்க ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று என்றால், நீந்துபவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். நாள் முழுக்க அங்கேயே இருப்பவர் லைஃப் கார்டு. 1990களில் பிரான்சில் மூடிய குளங்களின் லைஃப் கார்டுகள் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு என்று புகார் செய்தார்கள். அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காற்றை அளந்தார்கள். 63 குளங்களில் 334 பேரைப் பரிசோதித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் டிரைகுளோரமின் கூடக் கூடக் கண், மூக்கு, தொண்டைத் தொல்லைகளும் கூடுவது தெரிந்தது. கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அவர்கள் சொன்ன எல்லையையே பின்னர் 2006இல் உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டியில் எடுத்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்தது. 2002இல் வெளியானது. நீச்சல் குளத்தில் வேலை பார்த்து ஆஸ்துமா வந்த மூன்று பேர் மருத்துவர்களிடம் வந்தார்கள். எல்லோரும் சந்தேகப்பட்டது குளோரினை. மருத்துவர்கள் ஆய்வக அறையில் வைத்து முதலில் குளோரினைச் சுவாசிக்கச் செய்தார்கள். மூச்சில் மாற்றமில்லை. பிறகு டிரைகுளோரமினைச் சுவாசிக்கச் செய்தார்கள். மூவரில் இரண்டு பேருக்கு மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது. அடையாள அணிவகுப்பு நடத்துவார்களே, அது மாதிரி. எல்லோரும் விரல் நீட்டிய ஆள் நிரபராதி, பக்கத்தில் நின்றவன் குற்றவாளி.

பிள்ளைகளின் விஷயம் இவ்வளவு தெளிவாக முடியவில்லை. 2003இல் பெல்ஜியத்தின் ஆல்ஃபிரட் பெர்னார்டும் அவர் குழுவும், மூடிய குளங்களுக்கு அடிக்கடி போகும் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் சுவர் பலவீனப்படுகிறது, ஆஸ்துமாவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்கள். ஐரோப்பியப் பெற்றோர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஆனால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து பத்து வயது வரை தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. அதிகம் நீந்திய பிள்ளைகளின் நுரையீரல் சற்று நன்றாகவே இருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஈரக் காற்று ஆஸ்துமா பிள்ளைகளுக்கு இதமாக இருப்பதால் அவர்களை நீந்த அனுப்புங்கள் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆகவே குளத்தில் ஆஸ்துமா உள்ளவர்கள் அதிகம் இருந்தால், குளம் காரணமா, மருத்துவர் சீட்டு காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். என் கருத்து, பிள்ளைகளை நீந்த விடாமல் தடுக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. காற்றைக் கெடவிடலாம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. இளைப்பு திரும்பத் திரும்ப வந்தால் குழுவில் கேட்காதீர்கள், நேராக மருத்துவரிடம் போங்கள்.

சிறுநீர் விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் ஒலிம்பிக் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், குளத்தில் எல்லோரும் சிறுநீர் கழிக்கிறார்கள், குளோரின் கொன்றுவிடும், அதனால் கெடுதல் இல்லை என்ற பொருளில் பத்திரிகைக்குச் சொன்னார். மனிதர் நேர்மையானவர், வேதியியல்தான் சரியில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2017இல் ஒரு தந்திரம் செய்தார்கள். டயட் பானங்களில் போடும் அசெசல்ஃபேம் என்ற செயற்கைச் சர்க்கரை உடம்பில் செரிக்காமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும். குளத்து நீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் சிறுநீர்க் கணக்கு கிடைத்துவிடும். சுமார் 8,30,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு குளத்தில் 75 லிட்டர் என்று கணக்கு வந்தது. நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் கணக்கில் நாலு கேனுக்குக் கொஞ்சம் குறைவு. சிறுநீர் பட்டால் நிறம் மாறும் மருந்து குளத்தில் போட்டிருக்கிறது என்று நம் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறோமே, அப்படி ஒன்று கிடையாது. பயன்படுகிற பொய் என்பதால் பிள்ளைகளிடம் நான் இன்னும் திருத்தவில்லை.

இப்போது நம் தீர்மானத்துக்கு. குளோரினைப் பாதியாக்கினால் யூரியா பாதியாகாது. இருக்கிற கொஞ்சம் குளோரினும் யூரியா, அமோனியாவோடு கட்டுண்டு கிடக்கும், கிருமியைக் கொல்ல ஆள் இருக்காது. கண் எரிச்சலுக்குப் பதில் காதுவலியும் வயிற்றுப்போக்கும் வரும். அதற்காக அள்ளிக் கொட்டுவதும் விடையல்ல. யூரியா நிறைந்த நீரில் கூடுதல் குளோரின் கூடுதல் டிரைகுளோரமினாகத்தான் முடியும். அமிலத்தன்மை ஏறினாலும் அப்படியே. குளத்து நீரின் பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது இதற்காகவும்தான். உதவுகிறவை வேறு: உள்ளே வரும் அழுக்கு, அவ்வப்போது மாற்றும் நீர், வெளியே போகும் காற்று.

காற்று என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்தவெளிக் குளத்தில் காற்றே இந்த வாயுவைத் தள்ளிக்கொண்டு போய்விடும். நம் குளம் கிளப் ஹவுஸுக்குள், மூன்று பக்கம் கண்ணாடிக்கு நடுவில் இருக்கிறது. போன வருடம் மின் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, எக்ஸாஸ்ட் விசிறிகளை மதியத்தோடு நிறுத்துவது என்று பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். பிள்ளைகள் இறங்குவது மாலையில். அன்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் பேத்தி இருமியது அந்த மாதத்தில்.

இன்னொன்று, நம் பூல் பதிவேட்டில் தினமும் எழுதும் எண். சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாகும் பழைய சோதனைப் பெட்டியில் பார்த்து எழுதுகிறார்கள். அந்த மஞ்சள் மொத்தக் குளோரினை மட்டும்தான் காட்டும். எவ்வளவு வேலை செய்கிறது, எவ்வளவு குளோரமினாகக் கட்டுண்டு கிடக்கிறது என்று பிரித்துக் காட்டாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி மாத்திரைப் பெட்டி என்றால் இரண்டையும் தனித்தனியே அளக்கலாம். மொத்தத்தில் இருந்து வேலை செய்வதைக் கழித்தால் மீதி, நம் தும்மலின் கணக்கு. அப்படி ஒரு பெட்டி என் செலவில் வாங்கி வைத்திருக்கிறேன்.

இறங்குவதற்கு முன் ஷவரில் ஒரு நிமிடம் நின்றாலே உடம்பிலிருந்து குளத்துக்குப் போகும் அழுக்கில் பெரும்பகுதி போய்விடுகிறது என்று நெதர்லாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் குளக்கரை ஷவரின் கைப்பிடி உடைந்து ஆறு மாதம் ஆகிறது. அதைத் தீர்மானத்தில் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாலையில் விசிறி ஓட வேண்டும் என்பதையும் சேர்த்து.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பெட்டியோடு குளக்கரையில் இருப்பேன். விசிறி நிற்கும்போது ஒருமுறை நெடியைப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடவிட்டு இன்னொருமுறை பாருங்கள். தண்ணீரின் இரண்டு எண்களையும் உங்கள் எதிரிலேயே அளந்து பலகையில் எழுதுகிறேன். இளைப்பு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் வாருங்கள். பக்கத்து பிளாக் மாமிகளுக்கும் சொல்லிவிடுங்கள், அவர்கள்தான் நெடியை முதலில் கண்டுபிடித்தவர்கள்.